திங்கள்சந்தை அருகே ஒரு சாயாக்கடை: மாற்றுக் கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேச ஏற்ற இடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து இரணியல், திங்கள்சந்தை வழியாகக் கடற்கரைக்கு இறங்கும் சாலையில், ஓடு வேய்ந்து, பலகைக் கதவு போட்ட ஒரு சாயாக்கடை இருக்கிறது. பெயர்ப் பலகை இல்லாத கடை அது. உரிமையாளர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கடையை நடத்தும் அண்ணன் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். காலை நான்கரை மணிக்குத் திறந்து முற்பகல் பதினொரு மணிக்கு அடைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மறுபடியும் திறக்கிறார். சாயா 12 ரூபாய், சுக்குக் காப்பி 15 ரூபாய், பழம்பொரி 10 ரூபாய். இந்த மதிப்புரையை எழுத எனக்குக் காரணமாக இருப்பது சாயா மட்டுமன்று. நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் வழக்கமாகத் தொங்கும் ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்ற பலகை இந்தக் கடையில் கிடையாது. ஒன்பது ஆண்டுகளாக இங்கே வந்துகொண்டிருக்கும் நான், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் இழிவுபடுத்தாமல் பேசி, சில நேரங்களில் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப் பேச இடம் தேடுகிறவர்களுக்கு இந்தக் கடையை மனமார்ந்து பரிந்துரைக்கிறேன்.

முதலில் தின்பண்டங்களைச் சொல்லிவிடுகிறேன். பாலைச் சுண்டக் காய்ச்சி, தேயிலையைத் துணிச் சஞ்சியில் வடித்து, கண்ணாடிக் கிளாசில் நுரை பொங்க ஆற்றித் தருகிறார்கள். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் ஆற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கலாகவே இருக்கும். எங்கள் மாவட்டத்தில் பெயர்பெற்ற ரசவடை இங்கே நன்றாக இருக்கிறது. வடை ரசத்தில் ஊறியும் உடையாமல், நடுவில் மட்டும் சற்றே மொறுமொறுப்போடு இருக்கும் பதம் எல்லாக் கடைகளிலும் வாய்ப்பதில்லை. அது ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும். பழம்பொரிக்கு நன்கு பழுத்த ஏத்தன் (நேந்திரன்) பழத்தையே எடுக்கிறார்கள். உளுந்த வடை சுமார்தான்.

இனி பெஞ்சுகளைப் பற்றி. இரண்டு மரப் பெஞ்சுகள் எதிரெதிராகவும், சுவரை ஒட்டி ஒரு கருங்கல் திண்டும் இருக்கின்றன. மொத்தம் பதினொரு பேர் உட்காரலாம். தினத்தந்தி, தினமலர், தீக்கதிர் ஆகிய மூன்று நாளிதழ்களும் காலையிலேயே தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போய்விடுவதால், ஒரு செய்தியின் தொடர்ச்சியைப் படிக்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பல உரையாடல்கள் அந்தக் கேட்டு வாங்குதலில்தான் தொடங்குகின்றன. தம் கட்சிச் செய்தியைத் தேடுகிறவர் மாற்றுக் கட்சிக்காரரின் கையில் இருக்கும் தாளுக்காகக் காத்திருக்கிறார். அவரும் படித்து முடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லித்தான் தாளை நீட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் கடைக்கார அண்ணன் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கி மாட்டினார். செய்தி விவாதங்கள் ஓடத் தொடங்கியதும் பெஞ்சில் பேச்சு நின்றது. பேசியவர்களும் தொலைக்காட்சியில் வருகிறவர்களைப் போலவே குறுக்கிட்டுக் குறுக்கிட்டுப் பேசினார்கள். மூன்றே வாரங்களில் அவர் அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். இந்தக் கடையின் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது அந்த முடிவைத்தான்.

சுவரில் காமராசரின் படம் ஒன்று மட்டும் இருக்கிறது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனிதர் அவர். இன்று எல்லாக் கட்சியினரும் அவரைத் தம்மவராகக் கருதுவதால் அந்தப் படத்தால் யாருக்கும் மனக்குறை இல்லை. எங்கள் கன்னியாகுமரித் தொகுதி 2009-இல் திமுகவையும், 2014-இல் பாஜகவையும், 2019-இல் காங்கிரசையும் தேர்ந்தெடுத்தது. மார்க்சிஸ்ட் கட்சிக்கும் இங்கே நெடுங்காலமாக வேர் உண்டு. ஆகவே பதினொரு பேர் உட்கார்ந்தால் குறைந்தது நான்கு கட்சிகள் உட்கார்ந்திருக்கும். அதோடு, நிலத்தார், கடலார் என்ற பிரிவும், கோவில், தேவாலயம் என்ற பிரிவும் கட்சிகளுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கின்றன. 1982-இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பெஞ்சில் இருக்கிறார்கள். கடைக்கார அண்ணன் அப்போது ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்துத் தெருக்காரர்கள் பக்கத்துத் தெருக்காரர்களுக்கே அஞ்சி ஓடியதைப் பார்த்தவர். அவர் கடையில் விதி ஒன்றே ஒன்றுதான்: கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், ஆனால் எதிரில் இருப்பவரின் சாதியையோ சாமியையோ வீட்டாரையோ பேச்சுக்குள் இழுக்கக் கூடாது. அதை மீறியவருக்கு, எத்தனை ஆண்டு வாடிக்கையாளராக இருந்தாலும், அன்று சாயா கிடையாது. இரண்டு முறை அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். இருவரும் ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பெண் ஒருத்தி சாயாக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுவது எல்லா ஊர்களிலும் எளிதாக நடப்பதன்று. இந்தக் கடையில் மீன் கூடையோடு கரையிலிருந்து வரும் அக்காமார் கருங்கல் திண்டில் உட்கார்ந்து சாயா குடிப்பது எனக்கு முன்பிருந்தே வழக்கமாக இருந்ததால், நான் உட்கார்ந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கிளாஸ், ஒரே பெஞ்சு. இதைச் சிறிய செய்தியாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இதே மாவட்டத்தில், சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. சமமாக உட்கார முடியாத இடத்தில் ஒருவரையொருவர் கருத்தால் வெல்வதைப் பற்றிப் பேசுவதே வீண் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கடையில் நடந்தவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2016 ஜூலையில் குளச்சலுக்கு அருகே இனயத்தில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. 27,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று மதிப்பிடப்பட்ட அந்தத் திட்டத்தால் வேலை வரும் என்று நிலத்தில் இருந்தவர்களில் பலர் நம்பினார்கள். கரை போய்விடும் என்று கடலில் தொழில் செய்கிறவர்கள் அஞ்சினார்கள். நான் திட்டத்தை எதிர்த்தேன். எனக்கு எதிர்ப் பெஞ்சில் நாள்தோறும் உட்காரும் தோப்புக்கார அண்ணன் ஒருவர் அதைத் தீவிரமாக ஆதரித்தார். அவரை எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்று நான் முயன்ற முதல் ஓராண்டு முழுவதும் வீணாயிற்று. கடலரிப்பைப் பற்றிய கட்டுரைகளையும் செலவுக் கணக்குகளையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் தம் கட்சி வெளியிட்ட துண்டறிக்கையை என்னிடம் நீட்டினார். நான் அடுக்கிய ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலைத் தேடித் தேடியே அவர் தம் நிலையில் மேலும் ஊன்றிப்போனார் என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. நிலத்தில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. காணாமற்போனவர்களைத் தேடச் சொல்லிக் கடற்கரை மக்கள் டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அந்த மறியலைப் பற்றி நிலத்துப் பக்கத்தில் கசப்பான பேச்சு நிறைய இருந்தது. தோப்புக்கார அண்ணனும் ஒரு நாள் பெஞ்சில் அதைச் சொன்னார். நான் வாய் திறப்பதற்கு முன்பே, கருங்கல் திண்டில் இருந்த மீன்கார அக்கா ஒருவர் அவரைப் பார்த்து, “ஒக்கியில ஒங்களுக்கு எத்தனை மூடு தென்னை போச்சு அண்ணே?” என்று கேட்டார்.

நாற்பத்தொன்பது மூடு என்றார் அவர். மூடு என்றால் எங்கள் பேச்சில் மரம். தம் தகப்பனார் வைத்தவை என்றும், விடிந்து வெளியே வந்தபோது தோப்பு எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை என்றும், எண்ணிப் பார்க்க அதிகாரிகள் வரும்வரை விழுந்த மரத்தை வெட்டக்கூட முடியாமல் வாரக்கணக்கில் காத்திருந்ததாகவும் சொன்னார். அக்கா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தம் தங்கையின் கணவர் இன்னும் வரவில்லை என்றார். உடல் கிடைக்காததால் எந்த நாளில் பூசை வைப்பதென்று தெரியவில்லை, தங்கை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கரையில் போய் நிற்கிறாள் என்றார். தோப்புக்கார அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரயில மறிச்சது அதுக்குத்தானா?” என்று கேட்டார். “தேடச் சொல்லித்தான் அண்ணே, வேற எதுக்கு?” என்றார் அக்கா. துறைமுகத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். அதுவரை அவரை ‘மீன்காரி’ என்று குறிப்பிட்டு வந்தவர், சில வாரங்களில் ‘தங்கச்சி’ என்றார். ஒரு காலையில் தூண்டில் வளைவைப் பற்றிப் பேச்சு வந்தது. கரையைக் காக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் அந்தச் சுவரின் ஒரு பக்கத்தில் மணல் சேரும், மறுபக்கத்து ஊரில் மணல் போகும், அங்கே வீடுகள் விழும், பிறகு அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும் என்று அக்கா சாயாக் கிளாசையும் கைக்குட்டையையும் வைத்துக் காட்டினார். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகுகள் கவிழ்ந்ததையும், அதில் இறந்தவர்களையும் சொன்னார். நான் அச்செடுத்துக் கொடுத்த கட்டுரைகளில் இருந்ததும் இதே செய்திதான். ஆனால் தோப்புக்கார அண்ணன் இப்போது கேள்வி கேட்டார். துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எத்தனை நீளம் வேண்டியிருக்கும் என்று என்னிடம் திரும்பிக் கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அந்த உரையாடலில் மாறியது அவர் மட்டுமல்லர். அவர் ஏன் துறைமுகத்தை விரும்பினார் என்று நான் ஒரு முறையும் கேட்டதில்லை. கட்சி சொல்கிறது, அதனால் விரும்புகிறார் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அக்கா கேட்டார். தோப்புக்கார அண்ணனின் மகன் பதினொரு ஆண்டுகளாக வளைகுடாவில் இருக்கிறார். பேரப்பிள்ளையை அவர் இரண்டு முறைதான் தூக்கியிருக்கிறார். உள்ளூரில் ஒரு பெரிய தொழில் வந்தால் மகன் திரும்பி வருவான் என்பதுதான் அவர் உள்ளத்தில் இருந்தது. அதைக் கேட்ட பிறகு, வேலையைப் பற்றிப் பேசாமல் திட்டத்தை மட்டும் எதிர்த்துப் பேச என்னால் முடியவில்லை. இன்றும் நான் அந்தத் திட்டத்துக்கு எதிரானவள்தான். எனினும், கரையைக் கெடுக்காமல் இங்கே என்ன தொழில் வர முடியும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கும் பழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்தது.

திட்டத்தின் இடம் இனயத்திலிருந்து கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாற்றப்பட்டு அங்கும் போராட்டம் எழுந்த காலத்தில், தோப்புக்கார அண்ணன் ஒரு நாள் பெஞ்சில் எல்லாரும் கேட்க, “வேலை வேணும், ஆனா ஆள் குடியிருக்கிற கரையில வேண்டாம்” என்றார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று யாரும் சொல்லவில்லை. கடைக்கார அண்ணன் எப்போதும்போல அடுத்த சாயாவை வைத்தார். தோப்புக்கார அண்ணன் கட்சியை விடவில்லை; 2019-இலும் 2021 இடைத்தேர்தலிலும் தம் கட்சிக்கே வாக்களித்ததாக அவரே சொன்னார். ஆனால் துறைமுகத்தைப் பற்றிய தம் கருத்தைத் தம் கட்சிக்காரர்களின் கூட்டத்தில் எழுந்து சொன்னார். வெளியிலிருந்து நான் நூறு முறை சொல்வதைவிட அவர் உள்ளேயிருந்து ஒரு முறை சொன்னதற்கு மதிப்பு அதிகம்.

கருத்தை மாற்றிக்கொள்வதைத் தோல்வியாகக் கருதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெஞ்சில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இராஜாஜியை எடுத்துக்காட்டுவார். 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய அவரே, 1950களின் பிற்பகுதியில் ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடர வேண்டும் என்று வாதாடியதோடு, 1967 தேர்தலில் திமுகவோடு கூட்டணியும் வைத்தார். முன்பு அவரை எதிர்த்துச் சிறை சென்றவர்கள் அவர் வந்தபோது பழையதைச் சொல்லிக் கதவை அடைக்கவில்லை என்பதைத் தபால்காரர் அழுத்திச் சொல்வார். திரும்பி வருகிறவருக்கு உட்கார இடம் விட வேண்டும் என்பது அவர் கருத்து. இந்தக் கடையில் அந்த இடம் இருக்கிறது.

இதற்கு நெருக்கமான ஒன்றை அமெரிக்காவில் ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் மியாமியில் நடத்தி, 2016-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. திருநர் குறித்த மனத்தடையைப் பற்றி வாக்காளர்களின் வீட்டு வாசலில் நின்று ஏறக்குறைய பத்து நிமிடம் பேசினார்கள். தாங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாகப் பார்க்கப்பட்ட, தவறாக மதிப்பிடப்பட்ட அனுபவத்தை வாக்காளர்களையே சொல்லச் சொன்னார்கள். அதனால் ஏற்பட்ட மாற்றம் குறைந்தது மூன்று மாதங்கள் நிலைத்தது. இதற்கு முன், வாசலில் நின்று பேசி மனத்தை மாற்றுவதைப் பற்றி வெளியாகிப் பெரும் புகழ் பெற்ற மற்றோர் ஆய்வில் குளறுபடி இருப்பதைக் கண்டுபிடித்து வெளிப்படுத்தியவர்களும் இவர்கள்தாம்; அந்தக் கட்டுரை 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் இவர்கள் முடிவை நான் நம்பிப் படித்தேன். படித்தபோது என் கண் முன்னே நின்றது அந்த அக்காதான். எத்தனை மூடு போயிற்று என்று கேட்க அவருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. அவருக்குக் கிடைத்த வாய்ப்பு வேறு: அவர் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகவில்லை, அடுத்த நாளும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தேர்தல் நெருங்கும் வாரங்களில் கரைவேட்டியோடு கூட்டமாக வரும் வெளியூர்க்காரர்களைக் கடைக்கார அண்ணன் கட்டுப்படுத்துவதில்லை. அந்த நாட்களில் பெஞ்சு பிரசார மேடையாகிவிடுகிறது, வழக்கமாக வருகிறவர்கள் சாயாவைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நன்றாக நடக்கும் ஒரு கடையில் இது பெரிய குறை; அவரிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வரும் கூட்டத்தில் மது அருந்தியவர்களும் இருப்பதால் அப்போது பேச்சுக்காகப் போக வேண்டாம். பீடிப் புகை அதிகம். இளைஞர்கள் வருகிறார்கள், ஆனால் நின்றபடியே குடித்துவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் உட்காராத பெஞ்சு இன்னும் எத்தனை ஆண்டு இப்படி இருக்கும் என்ற கவலை எனக்கு உண்டு. மீன்கார அக்காமாரையும் என்னையும் தவிர வேறு பெண்கள் இன்னும் உட்காரத் தயங்குகிறார்கள். கழிவறை வசதி இல்லை. அருகில் உள்ள சந்தைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பெஞ்சில் ஓடுவது வேறொரு பேச்சு. மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்காகக் கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றியது அது. தோப்புக்கார அண்ணனின் அண்ணன் மகன் மணல் ஆலையில் ஒப்பந்த வேலை செய்கிறார். ஆகவே தோப்புக்கார அண்ணன் திட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறார். கதிர்வீச்சையும் புற்றுநோயையும் பற்றி அக்கா கேட்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரே தினத்தந்தித் தாள் இருக்கிறது. சென்ற வாரம் நான் புறப்பட்டபோது அவர் அக்காவிடம், அடுத்த திங்கட்கிழமை அந்தத் தம்பியையே பெஞ்சுக்கு அழைத்து வருவதாகவும், வேலையைப் பற்றியும் மணலைப் பற்றியும் அவனிடமே கேட்கலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சந்தை நாள். வாழைக்குலை ஏற்றிய வண்டிகள் ஆறு மணியிலிருந்தே சாலையை நிறைத்துவிடும். ஐந்தரைக்கே போய்விட்டால் கருங்கல் திண்டில் இடம் கிடைக்கும், ரசவடையும் சூடாக இருக்கும்.